செடியும் டீயும்: ரெட்டிச்சாவடி நாட்குறிப்பு

மே 11, 2025, ஞாயிறு
கத்திரி வெயில். கடலூர் பக்கத்து எங்கள் நர்சரியில் மதியம் நிழல்வலைக்கு அடியில்கூட நிற்க முடியவில்லை. செடிக் கவரில் மண் போடும் அக்காக்களுக்கு அம்மா டீ ஆற்றிக்கொண்டிருந்தபோது, காரில் சிதம்பரம் போகிற ஒரு குடும்பம் செடி பார்க்க இறங்கியது. "எங்களுக்கும் கிடைக்குமாம்மா?" என்று கேட்டுக் குடித்தார்கள். காசு வாங்க அம்மாவுக்குக் கூச்சம், அவர்கள் விடவில்லை. அரை மணி நேரம் சுற்றிவிட்டு அடுக்குமல்லி, கறிவேப்பிலை, ஒரு ஒட்டுக் கொய்யா என்று டிக்கியை நிரப்பிக்கொண்டு போனார்கள். அண்ணன் அப்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான்.

ஜூன் 8, ஞாயிறு
வேப்ப மரத்தடியில் டீக்கடைக்குக் கீற்றுக் கொட்டகை போட்டாயிற்று. எங்கள் போர் தண்ணீரில் கடலோர உப்பு. செடிக்கு ஒப்பேற்றிவிடலாம், டீயில் நாக்கு கண்டுபிடித்துவிடும். அதனால் கேன் தண்ணீர். உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு வருஷம் 100 ரூபாய்தான். வீட்டு சிலிண்டரைக் கடைக்கு வைக்கக் கூடாது என்பதால் 19 கிலோ வணிக சிலிண்டர் வாங்கினோம். அதுதான் கையைக் கடிக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு
முந்திரி ஒட்டுக் கட்டும் வேலை தொடங்கியது. மே மாதம் கவரில் விதைத்த கொட்டை இப்போது பென்சில் தடிமனுக்கு வந்திருக்கிறது. அப்பா கன்றின் தலையை வெட்டி, தண்டை நடுவில் பிளக்கிறார். வி.ஆர்.ஐ. 3 என்ற விருத்தாசலம் முந்திரி ரகத்தின் தாய்மரத்திலிருந்து எடுத்த குச்சியை இரண்டு பக்கமும் ஆப்பு போலச் சீவி, பிளவில் இறக்கி, பாலித்தீன் நாடாவால் சுற்றுகிறார். மேலே பால் ஐஸ் ஊற்றும் மெல்லிய கவரைத் தொப்பியாக மாட்டுவது என் வேலை. உள்ளே ஈரம் நிற்க வேண்டும். மூன்று நாலு வாரத்தில் துளிர் தெரியும். அதற்குள் யாராவது ஆட்டிப் பார்த்தால் போச்சு. டீ குடிக்க வந்த ஒரு சின்னப் பையன் இன்று நாலு தொப்பியைக் கழற்றிவிட்டான். அப்பா அவனை ஒன்றும் சொல்லவில்லை, அண்ணனைத்தான் முறைத்தார்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்து பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்த பிறகு, மறுபடி நட ஒட்டுக் கன்று கேட்டு ஆட்கள் வந்தார்கள். எங்கள் நர்சரி பெருத்தது அப்போதுதான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு
ஆடிப்பெருக்கு. ஆடிப்பட்டத்துக்குக் கத்திரி நாற்றும் மிளகாய் நாற்றும் காலையிலேயே தீர்ந்தன. மதியத்துக்கு மேல் டீக் கூட்டம். அம்மாவின் சுக்கு காபிக்கென்றே புதுச்சேரியிலிருந்து பைக்கில் வருகிறார்கள். அவர்கள் வாங்குவது மணி பிளாண்ட், ஸ்நேக் பிளாண்ட், மேசைமேல் வைக்கிற சின்னத் தொட்டி. குறிஞ்சிப்பாடியிலிருந்து டெம்போ கொண்டுவந்த விவசாயியோ, கார்கள் வழியை அடைத்திருந்ததால் ரோட்டிலேயே நின்று ஹாரன் அடித்தார். பதினைந்து வருஷமாக வருகிற மனிதர். எனக்கு முகம் சுருங்கிப்போனது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு
ஆவணி முகூர்த்தங்கள். தாம்பூலப் பையோடு கொடுக்க முந்நூறு நெல்லிக்கன்று ஆர்டர். மாப்பிள்ளையின் மாமா டீ குடிக்க வந்தவர். அண்ணன் அதை நாள் முழுக்கச் சொல்லிக் காட்டினான்.

செப்டம்பர் 14, ஞாயிறு
வீட்டில் சண்டை. ஒட்டுக் கன்று வைத்திருக்கும் வலைப் பகுதியில் பாதியைப் பிரித்து கார் நிறுத்த இடம் வேண்டும் என்கிறான் அண்ணன். "டீக்கு அன்றன்றைக்குக் காசு. உங்க முந்திரிக்கன்றை விற்க ஆறு மாசம் ஆகுதேப்பா!" கணக்குப் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. அவன் சொல்வது பாதி சரி. டீயில் தினம் கை நிறையச் சில்லறை வருகிறது, பாலுக்கும் கேஸுக்கும் அதே வேகத்தில் போகவும் செய்கிறது. வருஷக் கடைசியில் கடனை அடைத்தது எப்போதும் ஒட்டுக் கன்றுதான். புத்தகத்தைப் பிரித்து வைத்தேன். அண்ணி மட்டும் படித்தாள். அப்புறம் அவளே, "மரத்துக்கு அந்தப் பக்கம் உடைஞ்ச தொட்டி குவிஞ்சிருக்கே, அதைக் காலி பண்ணினா ஆறு கார் நிக்கும்" என்றாள். இத்தனை நாள் யாருக்கும் தோன்றவில்லை!

செப்டம்பர் 28, ஞாயிறு
தொட்டிக் குவியல் போய்விட்டது. டெம்போவுக்குத் தனி வழி. ஹாலோ பிளாக் அடுக்கி ஒட்டுக் கன்றுகளுக்கு மேடையும் கட்டுகிறோம். போன வருஷம் நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்த மழையைக்கூடத் தாங்கினோம். அடுத்த நாட்களில் பெண்ணையாற்று வெள்ளம் வந்து நின்றதில்தான் வேர் அழுகியது. ஐப்பசிக்குள் மேடை முடிந்தாக வேண்டும்.

அக்டோபர் 1, புதன்
ஆயுத பூஜை. ஒட்டுக் கத்திக்குப் பக்கத்தில் டீ வடிகட்டிக்கும் பொட்டு வைத்தாள் அம்மா. பெயர்ப் பலகை எழுதுகிறவர் வந்து, "எது மேலே வரணும்?" என்று கேட்டார். "நர்சரி" என்று அப்பாவும் "டீ" என்று அண்ணனும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சதுர அடிக்குத்தான் கூலி, எது மேலே வந்தாலும் தனக்கு ஒன்றுதான் என்று அவர் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது டீயும் குடித்தாயிற்று. இன்னும் முடிவாகவில்லை.