வி-வால் போனான்சா விபத்துகள்: இதுவரை படித்ததும் செய்து பார்த்ததும்

பழைய சிறு விமானங்களின் விபத்து அறிக்கைகளைப் படித்து, அதில் சொல்லியிருப்பதை வீட்டில் முடிந்த அளவு செய்து பார்ப்பதுதான் கொஞ்ச காலமாக என் பொழுதுபோக்கு. இந்த முறை எடுத்துக்கொண்டது பீச்கிராஃப்ட் போனான்சா, மாடல் 35. அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்து விச்சிட்டாவில் 1947 முதல் 1982 வரை செய்தார்கள். வி-வால் வைத்தவை மட்டும் பத்தாயிரத்துக்கு மேல். நிமிர்ந்த ஒரு வாலும் கிடையாக இரண்டும் இருக்க வேண்டிய இடத்தில் இதற்கு V எழுத்து மாதிரி சாய்ந்த இரண்டே பரப்புகள்தான், அவற்றின் பின்விளிம்பில் இருக்கும் ரடர்வேட்டர் என்ற அசையும் பகுதியே ஏற்றம் இறக்கம் திருப்பம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. 1949-இல் பில் ஓடம் என்ற விமானி இந்த வகை விமானம் ஒன்றில் ஹொனலூலுவில் கிளம்பி எங்கும் இறங்காமல் நியூ ஜெர்சியின் டீட்டர்போரோ வரை போனார், ஏறக்குறைய 36 மணி நேரம். அவ்வளவு நல்ல விமானத்துக்கு 'டாக்டர் கில்லர்' என்ற பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது என்பதைத்தான் தேட ஆரம்பித்தேன்.

பொதுவாகச் சொல்லப்படும் பதில் இரண்டு. பணம் இருந்து அனுபவம் போதாத டாக்டர்களும் வக்கீல்களும் வாங்கி ஓட்டினார்கள் என்பது ஒன்று. வால் பலவீனம், வானத்திலேயே உடைந்தது என்பது இன்னொன்று. இரண்டு கட்சிக்காரர்களும் இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். அறிக்கைகளைப் படித்து எக்ஸெல்லில் ஏற்ற ஏற்ற, 'எது உடைந்தது' என்ற பத்தியை விட 'அந்த வேகத்துக்கு எப்படிப் போனது' என்ற பத்திதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. இரண்டும் தனித்தனிக் கேள்விகள். அவற்றைக் கலந்து பேசுவதால்தான் இந்த வாதம் முடியாமல் இழுக்கிறது என்று நினைக்கிறேன்.

இதற்கு நல்ல உதாரணம், இந்த வகையின் மிகப் பிரபலமான விபத்து. 1959 பிப்ரவரி 3, அயோவா மாநிலம், கிளியர் லேக் பக்கம். பாடகர்கள் பட்டி ஹாலி, ரிச்சி வாலன்ஸ், ஜே.பி. ரிச்சர்ட்சன் மூவரும் விமானி ரோஜர் பீட்டர்சனும் இறந்தார்கள். விமானம் 1947-இல் செய்த போனான்சா. மேசன் சிட்டியிலிருந்து நள்ளிரவு தாண்டி ஒரு மணி வாக்கில் ஃபார்கோவுக்குக் கிளம்பியது, லேசான பனி, தரையில் வெளிச்சமே இல்லாத வயல்வெளி. விமானத்தின் உரிமையாளர் விமான நிலையத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருக்க, வாலில் எரிந்த விளக்கு மெதுவாகத் தாழ்ந்து தாழ்ந்து கண்ணுக்கு மறைந்தது. காலையில் ஐந்து மைல் தள்ளி ஒரு வயலில் கிடைத்தது.

வால் உடைந்ததா? இல்லை. அன்றைய விசாரணை அமைப்பான சிவில் ஏரோநாட்டிக்ஸ் போர்டு எல்லாப் பாகங்களையும் கணக்கெடுத்து, தரையில் மோதும் வரை விமானம் முழுசாகத்தான் இருந்தது என்று சொல்லிவிட்டது. வலது இறக்கை முதலில் தரையில் பட்டிருக்கிறது. மோதிய கணத்தில் நின்றுபோன முள்கள், விமானம் நிமிடத்துக்கு 3000 அடி வீதம் இறங்கிக்கொண்டிருந்ததையும் வேகம் மணிக்கு 165-170 மைல் என்பதையும் காட்டின. பீட்டர்சனுக்கு 21 வயது, வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் வைத்து ஓட்டும் தகுதிச் சான்று இல்லை, முந்தைய ஆண்டு அந்தத் தேர்வில் தேறவில்லை. அதற்கு மேல், அந்த விமானத்தில் இருந்த ஸ்பெரி எஃப்3 கைரோ என்ற சாய்வு காட்டும் கருவியில் மூக்கு மேலே கீழே போவதைக் காட்டும் விதம் அவர் பழகிய கருவிக்கு நேர்மாறானது. இறங்கும்போது ஏறுகிறோம் என்று நினைத்திருக்கலாம் என்று அறிக்கையே எழுதுகிறது. வழியில் வானிலை மோசமாகும் என்ற எச்சரிக்கைகள் வெளியாகியிருந்தும் அவருக்கு யாரும் சொல்லவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பையன் மீது கோபமே வருவதில்லை, அவனைச் சுற்றியிருந்த ஒவ்வொருவர் மீதும்தான் வருகிறது.

அடுத்து ஜிம் ரீவ்ஸ். நம் ஊர்ப் பக்கமும் இலங்கையிலும் கிறிஸ்துமஸ் சமயத்தில் இந்தக் குரல் கேட்காத வீடு குறைவு. 1964 ஜூலை 31 அன்று டென்னசியில் பிரெண்ட்வுட் அருகே இடிமழைக்குள் போய் விழுந்தார். அவர் தானே ஓட்டியது பீச்கிராஃப்ட் டெபோனேர், அதாவது போனான்சாவின் உடலுக்குச் சாதாரண நேர்வால் வைத்தது. கிளியர் லேக்கில் வி-வால், இங்கே நேர்வால், இரண்டிலும் தொடக்கம் ஒன்றே. வெளியே எதுவும் தெரியவில்லை, சாய்வு தெரியவில்லை, சுழன்று இறங்கிவிட்டது.

அந்தச் சுழல் எப்படி வருகிறது என்பதை சிமுலேட்டரில் பார்க்க நினைத்தேன். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1954-இல் ஒரு சோதனை செய்தார்கள். கருவிகளை வைத்து ஓட்டிப் பழகாத 20 விமானிகளை, வெளியே எதுவும் தெரியாதபடி செய்து, நிஜமான விமானத்தில் ஓட்டவிட்டார்கள். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரி 178 வினாடி. 19 பேர் போனது சுழல் இறக்கத்துக்குள். அந்தச் சோதனைக்குப் பயன்பட்ட விமானம் போனான்சா சி35 என்பது தெரிந்ததும் அதையே செய்துவிட வேண்டியதுதான் என்று உட்கார்ந்தேன்.

ஆனால் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின், சாய்வை உணரும் உட்காது ஏமாறாது. நிஜ விமானத்தில் மெதுவான சாய்வை உட்காது உணர்வதே இல்லை, அதை வீட்டில் கொண்டுவர வழியில்லை. அதனால் திரையில் மேகத்தை முழுசாக நிரப்பி, சாய்வு காட்டும் கைரோக்கள் மேல் ஒட்டுத்தாள் ஒட்டி, வேகமும் உயரமும் மட்டும் தெரியும்படி விட்டேன். அண்ணன் மகனை உட்கார வைத்தேன். கையை அழுத்தாமல்தான் பிடித்திருந்தான். கொஞ்ச நேரத்தில் வேக முள் நகர ஆரம்பித்தது. "சித்தப்பா, நேராத்தானே போறேன், ஏன் வேகம் ஏறுது?" என்றான். வேகம் ஏறினால் மூக்கு தாழ்ந்திருக்கிறது என்று யாருக்கும் தோன்றும், ஆகவே யோக்கை, அதாவது ஓட்டும் பிடியை, தன் பக்கம் இழுத்தான். அங்கேதான் வினை. இறக்கை சாய்ந்திருக்கும்போது இழுத்தால் மூக்கு மேலே வராது, வட்டம்தான் இறுகும். வேகம் இன்னும் ஏறும். முதலில் இறக்கையைச் சமப்படுத்திவிட்டு அப்புறம்தான் மெல்ல இழுக்க வேண்டும், ஆனால் சாய்வே தெரியாதவர் எதைச் சமப்படுத்துவார்?

அதே மேகத்தில் செஸ்னா 172 என்ற சாதாரணப் பயிற்சி விமானத்தை ஓட்டச் சொன்னேன். அதுவும் சாய்கிறது, சுழல்கிறது. ஆனால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சக்கரங்களும் இறக்கையைத் தாங்கும் கம்பிகளும் காற்றைப் பிடித்து இழுப்பதால் வேகம் மெதுவாகவே ஏறுகிறது, யோசிக்க நேரம் கிடைக்கிறது. போனான்சா வழவழவென்று இருக்கிறது, சக்கரம் உள்ளே, ஆகவே மூக்கு கொஞ்சம் தாழ்ந்ததும் வேக முள், தாண்டக் கூடாத வேகத்தைக் காட்டும் சிவப்புக் கோட்டை நோக்கி ஓடிவிடுகிறது. விமானி பில் ஓடத்தை 36 மணி நேரம் தூக்கிப் போனதும் இதே குணம்தான். இல்லினாய்க்காரர்கள் பிறகு சொல்லிக்கொடுத்த வழியின் முதல் படிகள், யோக்கிலிருந்து கையை எடு, சக்கரத்தை இறக்கு. சிமுலேட்டரிலும் சக்கரத்தை இறக்கியதும் விமானம் அடங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. அண்ணன் மகனே அதற்குப் பிறகு மேகத்தைத் தாண்டி வெளியே வந்தான்.

சரி, அந்த வேகத்தில் இழுத்தால் என்ன உடையும்? இங்கே வால் கட்சிக்காரர்கள் சொல்வதில் நிஜமான விஷயம் இருக்கிறது. போனான்சாவின் கட்டமைப்பு 4.4 ஜி, அதாவது தன் எடையைப் போல் 4.4 மடங்கு சுமை, தாங்கும் கணக்கில் சான்று பெற்றது, அந்த வகுப்புக்கு அது குறைவே இல்லை. ஆனால் ஏறக்குறைய அதே இறக்கையும் உடலும் கொண்ட நேர்வால் 33, 36 மாடல்களை விட வி-வால் விமானங்கள் வானில் உடைந்தது மிக அதிகம். விமானிகளை மட்டும் குறை சொல்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்வதில்லை.

1951-இல் வந்த சி35-இல் வாலின் அகலத்தைச் சுமார் 20 சதவீதம் கூட்டி, சாய்வுக் கோணத்தை 30 டிகிரியிலிருந்து 33 ஆக்கினார்கள். அகலம் கூடியது முன்பக்கமாக. உள்ளே நீளவாக்கில் ஓடிச் சுமை தாங்கும் முன் ஸ்பார் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆக ஸ்பாருக்கு முன்னால் தாங்கல் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி பெரிதாயிற்று, தூண் இல்லாமல் இழுத்துக் கட்டிய சன்ஷேட் மாதிரி.

இதைப் பால்சா என்ற லேசான மரத்தில் கட்டிப் பார்த்தேன். கை நீளத்துக்கு இரண்டு வால்கள், ஒரே ஸ்பார், ரிப் என்ற குறுக்குச் சட்டங்களுக்கும் ஒரே தடிமன், மேலே டிஷ்யூ தாள். ஒன்று பழைய அகலம், இன்னொன்றில் முன்விளிம்பை மட்டும் நீட்டினேன். அடிப்பகுதியில் ஸ்பாரை மட்டும் மரக்கட்டையில் ஒட்டி, முன்விளிம்பைக் கட்டையில் ஒட்டாமல் விட்டேன். நுனிக்குப் பக்கத்தில் முன்விளிம்பைக் கட்டைவிரலால் மேலே தள்ளினால், முதல் வால் வளைகிறது, அவ்வளவுதான். இரண்டாவது முறுக்கிக்கொள்கிறது. டிஷ்யூவில் அடிமூலையிலிருந்து குறுக்காகச் சுருக்கங்கள் ஓடுகின்றன, விரலுக்கு எதிர்ப்பு குறைவது நன்றாகவே தெரிகிறது. நிஜத்தில் இந்த முறுக்கம் காற்றுப் படும் கோணத்தைக் கூட்டும், கோணம் கூடினால் விசை கூடும், விசை கூடினால் முறுக்கம் கூடும். வேகம் எல்லையைத் தாண்டியிருந்தால் இதற்கு முடிவு ஒன்றுதான்.

பிறகு முன்விளிம்பின் அடியில் சின்ன மெல்லிய பிளைவுட் துண்டு ஒன்றை வளைத்து, விளிம்பையும் கட்டையையும் சேர்த்து ஒட்டினேன். முறுக்கம் பெரும்பாலும் நின்றுவிட்டது. 1980-களில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ இந்த வாலைத் தனியாக ஆராயச் செய்து, 1987-இல் சி35-க்கும் பிந்தையவற்றுக்கும் கட்டாயமாக்கிய திருத்தமும் அடிப்படையில் இதுதான். முன்விளிம்பின் அடியை விமான உடலோடு பிணைக்கும் ஒரு உலோகப் பட்டை. வடிவமைத்த காலத்து விதிகள் சாதாரண வாலை மனதில் வைத்து எழுதப்பட்டவை, V வடிவத்தில் விழும் விசைகளுக்கு அவை போதவில்லை. இவ்வளவு சின்னத் துண்டுக்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது என்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ரடர்வேட்டரின் எடைச் சமநிலை இன்னொரு விஷயம். அது மெல்லிய மக்னீசியத் தகடு. மறுபடி பெயின்ட் அடித்தால் பின்பக்க எடை கூடி, சரிபார்க்காமல் பறந்தால் படபடவென்று அதிர ஆரம்பிக்கலாம். பழைய விமானம் வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டிய முதல் இடங்களில் இது ஒன்று. அதேபோல் மொத்த விமானத்தின் எடைச் சமநிலை: பெட்ரோல் இறக்கையின் முன்பகுதியில் இருப்பதால் தீரத் தீர விமானத்தின் எடை மையம் பின்னால் நகரும், பின் இருக்கையில் ஆள் இருந்தால் கிளம்பும்போது சரியாக இருந்தது இறங்கும்போது சரியாக இருக்காது.

இப்போது கையில் இருப்பது உயிர்ச்சேதம் குறைவான, ஆனால் அடிக்கடி நடந்த விபத்து. இறங்கி ஓடுபாதையில் உருண்டுகொண்டிருக்கும்போது ஃபிளாப்பை, அதாவது இறங்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கும் மடலை, மடக்கப் போய் சக்கரத்தை மடக்கிவிடுவது. அமெரிக்க விபத்து விசாரணை அமைப்பான என்டிஎஸ்பி 1980-இல் இதற்கென்றே ஒரு அறிக்கை எழுதியது. 1975 முதல் 1978 வரை ஒற்றை எஞ்சின் விமானங்களுக்கு நடந்த இப்படிப்பட்ட 24 விபத்துகளில் 16 போனான்சா. மடங்கும் சக்கரம் கொண்ட ஒற்றை எஞ்சின் சிறு விமானங்களில் போனான்சாவின் பங்கு சுமார் 30 சதவீதம்தான். காரணம் மற்ற கம்பெனி விமானங்களில் சக்கர சுவிட்ச் இருக்கும் பக்கத்தில் இதில் ஃபிளாப் சுவிட்ச், ஃபிளாப் பக்கத்தில் சக்கரம். அதோடு யோக்கைத் தாங்கும் குறுக்குத் தண்டு அந்த சுவிட்சுகளைப் பாதி மறைக்கிறது.

சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய இரண்டு டாகிள் சுவிட்சுகளை அட்டைப் பலகையில் அந்த வரிசையிலேயே பதித்து, முன்னால் பிவிசி குழாய் ஒன்றைக் குறுக்கே வைத்து சிமுலேட்டரோடு இணைத்திருக்கிறேன். என் உயரத்துக்கு, நிமிர்ந்து உட்கார்ந்தால் சக்கர சுவிட்சின் தலை மட்டும்தான் தெரிகிறது, பெயர் எழுதிய பட்டி குழாய்க்குப் பின்னால் போய்விடுகிறது. அண்ணன் மகன் செஸ்னாவில் பழகியவன், அவனை இதில் இறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். அதன் பிறகு சக்கர சுவிட்சுக்கு உருண்டையாகச் சக்கர வடிவக் குமிழும் ஃபிளாப்புக்குத் தட்டையான குமிழும் செதுக்கிப் போட்டு, கண்ணால் பார்க்காமல் விரல் தடவியே பிரித்தறிய முடிகிறதா என்று சோதிக்கப் போகிறேன். குமிழுக்கான பால்சா வெட்டி வைத்தாயிற்று.