படத்தொகுப்புச் செய்முறைத் தேர்வு: குரூப் செய்துவிட்டு வெட்டாதீர்கள்

மொரீஷியஸில் ஊடகப் பட்டயப் படிப்பின் படத்தொகுப்புத் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களுக்குக் கிடைத்த மூலக் காட்சிகள் காத்ர் போர்னில் கோர் தே கார்ட் மலைக்கோவில் தைப்பூசக் காவடியில் எடுத்தவை. இரண்டு கேமராக்கள்; நாதஸ்வரமும் தவிலும் தனி ஒலிப்பதிவுக் கருவியில். மூன்றையும் நேரம் ஒத்துப்போகும்படி பொருத்தி ஒரு குறும்படமாகத் தர வேண்டும்.

பொருத்திய கிளிப்புகளை (பட, ஒலித் துண்டுகளை) டைம்லைனிலேயே, அதாவது அவற்றை நேர வரிசையில் அடுக்கும் இடத்திலேயே, குரூப் செய்வதுதான் (ஒரே கட்டாகச் சேர்ப்பதுதான்) பலருக்கும் முதலில் தோன்றுகிறது. இனி விலகாது என்று ஒரு நிம்மதி. வெட்டும்போதுதான் வம்பு தொடங்குகிறது. சில மென்பொருள்களில், வெட்டிய பிறகும் இரு பாதிகளும் ஒரே குரூப்பிலேயே நீடிக்கும். வேண்டாத பாதியை அழிக்கப் போனால் வேண்டியதும் சேர்ந்து போய்விடும். எரிச்சலில் குரூப்பைக் கலைத்தால், எந்த ஒலி எந்தக் கேமராவுக்கு உரியது என்று தேட வேண்டியிருக்கும். தேர்வு அறையில் கேட்கும் பெருமூச்சுகளில் பாதி இந்த இடத்தில் வருபவை. குரூப் கிளிப்புகளை ஒன்றாக நகர்த்த உதவும். அதை நம்பி வெட்டில் இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

பிரீமியர் புரோ என்ற படத்தொகுப்பு மென்பொருளில் தேர்வு என்றால், முதலில் மல்டிகேமரா சீக்குவென்ஸ் (எல்லாக் கேமராக்களும் ஒலியும் உள்ளே அடங்கிய ஒரே தொகுதி) உருவாக்குங்கள். ஒலியை ஒப்பிட்டு அது தானே பொருத்தும். பிறகு அதை டைம்லைனில் ஒரே கிளிப்பாக வைத்து வெட்டலாம். படமும் ஒலியும் சேர்ந்தே வெட்டுப்படும். கேமரா மாற்ற 1, 2 என்ற எண் விசைகள் போதும். தனித்தனி டிராக்குகளில்தான் (டைம்லைனின் பட, ஒலி அடுக்குகளில்தான்) வேலை செய்தாக வேண்டுமென்றால், ஷிப்டை அழுத்திக்கொண்டு வெட்டும் கருவியான பிளேடால் சொடுக்குங்கள். பூட்டாத டிராக்குகள் அனைத்தும் ஒரே இடத்தில் வெட்டுப்படும். இணைந்த படமும் ஒலியும் விலகினால் கிளிப்பின் மீது சிவப்பு எண் தோன்றும். அதில் வலது சொடுக்கினால் மீண்டும் பொருத்தும் வழி கிடைக்கும். ஆய்வகக் கணினியின் மெனு ஆங்கிலத்தில் இருக்குமா பிரெஞ்சில் இருக்குமா என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே விசைகளை விரல்களுக்குப் பழக்கிவிடுங்கள்.

தானியங்கிப் பொருத்தலையும் கண்ணை மூடி நம்பக் கூடாது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர்தான் செல்லும். நொடிக்கு 25 பிரேம் (வீடியோவின் தனித்தனிப் படங்கள்) என்றால், ஒரு பிரேமுக்குள் 14 மீட்டரைக்கூடக் கடக்காது. மலைப்படிகளின் மேலே நிற்கும் கேமராவுக்கும் கீழே முழங்கும் தவிலுக்கும் 40 மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கேமராவின் மைக்கில் ஒலி மூன்று பிரேம் பிந்தியே பதிவாகும். மென்பொருள் அந்தப் பிந்திய ஒலியைத் தவிலருகே இருக்கும் ஒலிப்பதிவுக் கருவியின் ஒலியோடு பொருத்துவதால், தவில்குச்சி முதலில் விழும், சத்தம் பிறகு வரும். காது கூர்மையான தேர்வாளர் இதைத்தான் முதலில் பிடிப்பார். மல்டிகேமரா சீக்குவென்ஸைத் திறந்து, குச்சி தோலில் படும் பிரேமைப் பார்த்து, அந்தக் கேமராவின் படத்தை மூன்று பிரேம் தாமதமாக வரும்படி வலப்பக்கம் தள்ளுங்கள். வெளியே செய்த வெட்டுகள் எல்லாவற்றிலும் திருத்தம் தானே ஏறிவிடும். குரூப்பில் இதையே செய்ய நேர்ந்தால் ஒவ்வொரு துண்டாகத் தேடிப் போக வேண்டும்.

கைப்பேசியில் எடுத்த காட்சி கொடுத்தால் கூடுதல் கவனம் தேவை. அதன் பிரேம் வேகம் சீராக இல்லாவிட்டால், தொடக்கத்தில் ஒத்துப்போகும் ஒலி முடிவில் விலகிவிடலாம். இரு முனைகளையும் போட்டுப் பாருங்கள். விலகல் இருந்தால் வெட்டுவதற்கு முன்பே காட்சியைச் சீரான பிரேம் வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

எழுத்துகளும் பின்னணி இசையும் சேர்ந்த பிறகு அவற்றை மொத்தமாக முன்னும் பின்னும் தள்ள வேண்டியிருந்தால், அப்போது குரூப்பைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.