டூங்காபியில் பறவை பார்த்த கதை

சிட்னிக்கு வந்த புதிதில் பகல் பொழுதைத் தள்ளுவதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது. அவர் ரயில் பிடித்துப் போய்விடுவார், பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விடுவார்கள். அதன்பிறகு டூங்காபியில் எங்கள் தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது. வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்ப்பேன். மனசு படபடவென்று இருக்கும். சரி, நடக்கலாமே என்று ஓடைப் பக்கம் போகத் தொடங்கினேன்.

அங்கேதான் மேக்பை அறிமுகம். கறுப்பும் வெள்ளையுமாய் நம் காக்கை அளவில் இருக்கும், குரல் மட்டும் புல்லாங்குழல். ஆனால் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, கூட்டில் குஞ்சு இருக்கும் காலத்தில், தலைக்கு மேல் விர்ரென்று பாயும். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் அதற்குப் பயந்து ஹெல்மெட் முழுக்க, வயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டைகளான கேபிள் டைகளை முள் மாதிரி செருகியிருப்பார்கள். எல்லா மேக்பையும் அப்படி இல்லை, ஏறக்குறைய பத்தில் ஒரு ஆண்தான் தாக்கும். முகங்களை நன்றாக நினைவு வைத்துக்கொள்ளும் பறவை அது. அதனால் நான் பாதையை மாற்றவில்லை. தினமும் அதே நேரத்தில், அவசரப்படாமல், முகம் தெரியும்படி நடந்தேன். அது என்னைத் தொந்தரவு செய்யவே இல்லை. அந்த வட்டாரத்தில் என்னை அடையாளம் தெரிந்த உயிர் அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்வேன். சிரிக்காதீர்கள், அப்போது அது பெரிய ஆறுதல்.

பேர்ட்லைஃப் ஆஸ்திரேலியா அமைப்பு 2014 முதல் ஒவ்வொரு அக்டோபரிலும் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. 20 நிமிடம் ஒரே இடத்தில் நின்று, கண்ணில் படுவதைச் செயலியில் பதிய வேண்டும், அவ்வளவுதான். கொல்லைப்புறத்தில் போய் நின்றேன். கொஞ்ச நேரம் வராத மின்னஞ்சல், ஊரில் அம்மாவின் சுகர் என்று மனம் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் பாட்டில்பிரஷ் மரத்தில் ரெயின்போ லாரிகீட் கிளிக் கூட்டம் வந்து இறங்கியது. பச்சை, நீலம், ஆரஞ்சு. பூவுக்குப் பூ தாவித் தேன் குடிப்பதும் சண்டை போடுவதுமாக ஒரே கூச்சல். நிலைகொள்ளாத கூட்டத்தை எண்ணிக்கொண்டிருக்கும்போது வேறு எதையும் நினைக்க முடியாது. தியான வகுப்பில் கண்ணை மூடி உட்கார்ந்தபோதுகூட எனக்கு இது வாய்க்கவில்லை.

மைனாவும் வந்தது. காய்கறித் தோட்டத்துப் பூச்சிகளைத் தின்னட்டும் என்று 1862-ல் மெல்போர்னில் கொண்டுவந்து விட்டார்கள். இப்போது கிளிகளின் மரப்பொந்துகளைப் பிடித்துக்கொள்கிறது என்று இங்கே அதைக் கண்டாலே முகம் சுளிக்கிறார்கள். ‘இந்தியன் மைனா’ என்று பெயர் வேறு. எனக்குச் சுருக்கென்றது. நம்மை வைத்து இதில் ஒரு கவிதை எழுதலாம்தான், நான் எழுதப் போவதில்லை. பொந்தை இழந்த ரொசெல்லாக் கிளியின் பக்கமும் நியாயம் இருக்கிறது.

செப்டம்பர் வாக்கில் நியூகினி, இந்தோனேசியா பக்கமிருந்து குயில் வந்துவிடும். நம் குயிலுக்கு நெருங்கிய சொந்தம், ஆணுக்கு அதே கறுப்பு, அதே சிவப்புக் கண். முட்டையிடுவது மட்டும் பெரும்பாலும் ரெட் வாட்டில்பேர்ட் என்ற பறவையின் கூட்டில். விடியும் முன்பே கூவ ஆரம்பித்துவிடும். எனக்கு அது ஊர்ச் சத்தம், பக்கத்து வீட்டு அம்மாவுக்கோ தூக்கத்தைக் கெடுக்கும் சனியன். வேலியோரம் நின்று, “இது எப்போதுதான் போகும்?” என்று கேட்டார். மார்ச் வரை இருக்கும் என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார். பிறந்ததிலிருந்து சிட்னியிலேயே இருப்பவர், இப்போது வேலியில் ஏதாவது புதிதாக வந்து உட்கார்ந்தால் பெயர் கேட்க என்னைத்தான் கூப்பிடுகிறார்.