தோலை மட்டும் பார்க்கும் ஒளி

யாழ்ப்பாணத்தில் ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) மாவும் மிளகாய்த்தூளும் அரைத்துப் பொதி செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். ஈரம் பார்ப்பது என் பொறுப்பு. ஆரம்பத்தில் எல்லாமே அவன் அடுப்பு (oven) முறைதான். 10 கிராம் நிறுத்து, 105 பாகை செல்சியஸில் வைத்து, நிறை குறைவது நிற்கும் வரை காத்திருந்து மறுபடி நிறுக்க வேண்டும். 10 கிராம் 8.8 ஆக வந்தால் ஈரம் 12 சதவீதம். நம்பலாம், ஆனால் காலையில் வைத்தால் விடை வரப் பின்னேரமாகிவிடும், நடுவில் கரண்ட் போனால் திரும்ப முதலிலிருந்து.

அப்புறம்தான் அகச்சிவப்பு மீற்றர் வந்தது. பள்ளிக்கூடத்தில் செந்நிறக்கீழ் கதிர் என்று படித்தோமே, அதேதான். விளக்கால் சூடாக்கிக் காயவைத்து நிறுக்கும் தராசும் ஒன்று இருக்கிறது, இது அதல்ல, இது பொருளைத் தொடுவதே இல்லை. 1450, 1940 நனோமீற்றர் அலைநீளங்களில் உள்ள ஒளியைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சிவிடும். பக்கத்திலேயே தண்ணீர் அவ்வளவாக உறிஞ்சாத இன்னொரு அலைநீளத்தையும் அனுப்பி, திரும்பி வரும் இரண்டையும் ஒப்பிட்டு ஈரத்தைக் கணக்கிடுகிறது. விளக்கு கொஞ்சம் மங்கினாலும் கண்ணாடியில் தூசி படிந்தாலும் இரண்டும் சேர்ந்தே குறைவதால் விகிதம் பெரிதாக மாறாது. இந்த யோசனை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

சில விநாடியில் விடை வந்ததில் நான் அவன் அடுப்பை மறந்தே போனேன். ஒரு மாசி மாதம் வடமராட்சியிலிருந்து ஒடியல் வந்தது. துண்டுகளின் மேல் மீற்றரைப் பிடித்தேன், 9 என்று காட்டியது. காயவைக்கும் இடத்தில் வேலை செய்யும் அக்கா ஒரு துண்டை எடுத்து ஒடித்தார். டக்கென்ற சத்தம் வரவில்லை, கொஞ்சம் வளைந்துதான் முறிந்தது. “தம்பி, உது காயேல்லை, உள்ளுக்கை ஈரம் கிடக்கு” என்றார். நான் மீற்றரைக் காட்டி, மூட்டை கட்டச் சொல்லிவிட்டேன். இரண்டு கிழமையில் நாலு மூட்டை பூஞ்சணம். மிச்சத்தை அரைத்து அவன் அடுப்பில் வைத்தபோது 15 வந்தது.

மீற்றர் பொய் சொல்லவில்லை. அந்த ஒளி மேற்பரப்பைத் தாண்டி அதிகம் உள்ளே போகாது. வெயிலில் தோல் காய்ந்திருந்தது, அது தோலைச் சொன்னது. கேள்வியைத் தவறாகக் கேட்டவன் நான்தான், அக்காவிடம் அதைச் சொல்லி மன்னிப்பும் கேட்டேன்.

அதற்குப் பிறகு அரைத்துத்தான் வாசிக்கிறேன். ஒடியல் மாவுக்கு ஒரு அளவுத்திருத்தம், அதாவது ஒளியின் விகிதத்தை ஈரமாக மாற்றும் கோடு, மிளகாய்த்தூளுக்கு வேறு. நிறம், எண்ணெய், துகளின் பருமன் எல்லாமே ஒளி திரும்பி வரும் விதத்தை மாற்றுவதால் ஒன்றின் கோட்டை மற்றதற்குப் போட முடியாது. அந்தக் கோட்டை வரைய அவன் அடுப்பின் முடிவுகள்தான் வேண்டும், அதுவும் நன்றாகக் காய்ந்தது மட்டும் போதாது, மழை நாளில் எடுத்ததும், பாதி காய்ந்ததும், அக்கா கழித்துப் போட்டதும் எல்லாம் வேண்டும். அந்தக் கழிவுத் துண்டுகளை இப்போது அவரே தனிப் பையில் போட்டுத் தருகிறார்.

இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. அரைவையிலிருந்து சூடாக வரும் மாவுக்கு ஒரு எண், அதே மா ஆறினால் வேறு எண். சூட்டில் தண்ணீர் ஒளியை உறிஞ்சும் அலைநீளமே கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது. இப்போதைக்கு மூடிய போத்தலில் ஆறவைத்துத்தான் பார்க்கிறேன்.