சத்துமாப் பைக்கு லேபல் எழுதிய கதை

உணவு ஒழுங்குவிதி வேலை என்றால் படிவம் நிரப்புவதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். உணவு விஞ்ஞானம் படித்துவிட்டு மட்டக்களப்பில் ஒரு சத்துமா உற்பத்தி நிலையத்தில் நான் சேர்ந்தபோது, "கிளார்க் வேலைக்கா இவ்வளவு படிப்பு?" என்று மாமி ஒருவர் கேட்டே விட்டார்.

படிவங்களில் பெரிய பாடு இல்லை. வியாபாரப் பதிவுக்குப் பிரதேச செயலகம், தொழில் அனுமதிக்குப் பிரதேச சபை, இடத்தைப் பார்வையிட சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து பி.எச்.ஐ. எனப்படும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார். எலி நுழையாத கதவு, ஊழியர்களின் மருத்துவச் சான்று, கிணற்று நீர்ப் பரிசோதனை என்று கேட்பவை எல்லாம் நியாயமானவை. செய்து காட்டினால் வேலை நகரும். என் பாடெல்லாம் பையின் முன்பக்கத்தில்தான் இருந்தது.

நான் சேர முன்னரே முதலாளி ஒரு மாதிரிப் பை வடிவமைத்து வைத்திருந்தார். நடுவில் கொழுகொழுவென்று ஒரு குழந்தை. அதற்கு மேலே "சீனி வருத்தத்தைக் கட்டுப்படுத்தும்" என்று சிவப்பு எழுத்து. ஓரத்தில் "100% இயற்கை". 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் வாங்குபவரைத் தவறாக எண்ணவைக்கும் லேபலைத் தடுக்கிறது. ஓர் உணவு நோயைத் தடுக்கும், குணப்படுத்தும் என்று எழுதுவதும் ஆகாது.

"இறுங்கும் குரக்கனும் சீனிக்கு நல்லது என்று எங்கள் அம்மம்மா காலத்திலிருந்தே சொல்கிறார்கள், மகள்" என்றார்.

"அம்மம்மா சொல்லலாம் ஐயா, பை சொல்லக் கூடாது" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அந்த வரியை விட மனம் வரவில்லை. கடைசியில் அவரை வழிக்குக் கொண்டுவந்தது சட்டமல்ல, அவருடைய சொந்தச் செய்முறைத் தாள். 80 கிலோ தானியத்துக்கு 20 கிலோ சீனி என்று அதில் எழுதியிருந்தது. சீனி வருத்தக்காரருக்கு இதையா விற்கப்போகிறோம் என்று கேட்டதும் பேனையை எடுத்து அவரே வெட்டினார்.

குழந்தைப் படம் அவ்வளவு கஷ்டப்படுத்தவில்லை. தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்கும் உணவுகளின் விற்பனைக்கு 1981 இல் உலக சுகாதாரப் பேரவை ஒரு நெறிக்கோவையை ஏற்றுக்கொண்டது. இலங்கையிலும் அதற்கென ஒன்று உண்டு. எங்கள் மா கைக்குழந்தைக்கானது அல்ல, பிறகு ஏன் படம்? எடுத்துவிட்டோம்.

அடுத்தது நிற அடையாளம். இலங்கையில் 2016 இல் இனிப்பு மென்பானங்களுக்கு வந்த இந்த முறை பிறகு திண்ம உணவுக்கும் வந்தது. 100 கிராமில் 22 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 8 முதல் 22 வரை செம்மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. "நூற்றுக்கு இருபதுதானே, செம்மஞ்சள்தான்" என்றார் முதலாளி. தாளில் சரி, தாச்சியில் சரியில்லை. பச்சைத் தானியத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டளவு ஈரம் இருக்கிறது. வறுத்து இறக்கும்போது 80 கிலோ ஏறத்தாழ 73 கிலோவாகிவிடும். சீனி மட்டும் அப்படியே 20 கிலோ. ஆக 93 கிலோ மாவில் 20 கிலோ சீனி, நூற்றுக்கு 21.5. பயறு, சோயா இவற்றில் இயல்பாக உள்ள சீனி இன்னும் ஓரிரு கிராம். கோட்டைத் தாண்டிவிட்டது. ஆய்வுகூடம் கையில் வரும் மாவைத்தான் அளக்கும், செய்முறைத் தாளை அல்ல.

சீனியை 16 கிலோவுக்கு இறக்கி, பயற்றைக் கொஞ்சம் கூட நேரம் வறுத்தோம். வாசம் ஏறியதில் இனிப்புக் குறைந்ததை வறுக்கும் பெண்கள்கூடக் கண்டுபிடிக்கவில்லை. அந்த மாவைத்தான் கொழும்பில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகத்துக்குப் பரிசோதனைக்குக் கொண்டுபோனேன். 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம், மடியில் முத்திரையிட்ட மாப் பைகள். அறிக்கை வந்தது, செம்மஞ்சள்.

இந்தத் துறைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன்: அறிக்கை கைக்கு வரும் வரை அச்சகத்துக்குப் போகவிடாதீர்கள். இப்படியான பைகளுக்கு ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் அச்சுச் சிலிண்டர் வெட்டுவார்கள். வெட்டிய பிறகு ஒரு சொல்லை மாற்றுவதும் காசு. நாங்கள் முதல் தொகுதிகளை வெறும் பையில் ஸ்டிக்கர் ஒட்டியே விற்றோம். பார்க்க அழகில்லை என்று முதலாளி முணுமுணுத்தார். சோயாவும் கச்சானும் இருக்கிறது என்ற ஒவ்வாமை எச்சரிக்கையைத் தடித்த எழுத்தில் போட்டதற்கும் முணுமுணுத்தார். அதில் நான் அசையவில்லை.

இழுபறி முடியாதது காலாவதித் திகதியில்தான். அவருக்கு ஆறு மாதம் வேண்டும், கல்முனைக் கடைக்காரர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள். தட்டில் வைத்த பைகளை ஒவ்வொரு மாதமும் பிரித்து ஈரம் பார்த்தோம், முகர்ந்தும் பார்த்தோம். நாலு மாதம் தாண்டியதும் கச்சானின் எண்ணெயிலிருந்து மெல்லிய காறல் மணம். மாரி காலத்தில் வாவிப் பக்கத்து ஈரக்காற்று சும்மா விடுமா? நாலு மாதம் என்றே எழுதினேன்.

கச்சானை எடுத்துவிட்டால் ஆறு கிடைக்குமா என்று இப்போது கேட்கிறார். கேட்க வேண்டிய கேள்விதான். கச்சான் இல்லாத ஒரு தொகுதியை ஐப்பசியில் தட்டில் ஏற்றியிருக்கிறோம். மாரி முழுவதும் அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.