உச்சந்தலையில் செயற்கைக்கோள்: வண்டிக் கூரை ஆண்டெனா பொருத்தும்போது

லண்டனில் நேர் தெற்கே நிற்கும் புவிநிலைச் செயற்கைக்கோளை (நிலநடுக்கோட்டுக்கு மேலே ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரிவது) பார்க்க, ஆண்டெனா தரைமட்டத்திலிருந்து 31° நிமிர்ந்தால் போதும். சென்னையிலிருந்து 83° கிழக்குத் தீர்க்கரேகையில் உள்ள இந்தியச் செயற்கைக்கோள் ஜிசாட்-30ஐப் பார்க்க 74° நிமிர வேண்டும். கன்னியாகுமரியில் 78°க்கும் மேல். நம் ஊர் வண்டிகளில் எந்த ஆண்டெனா ஒழுங்காக வேலை செய்யும், எது தகராறு செய்யும் என்பதைப் பெரும்பாலும் இந்தக் கோணம்தான் முடிவு செய்கிறது.

முதலில் தகராறு. மலிவான நகரும் டிஷ்களில் இரண்டே அச்சுகள்: பக்கவாட்டில் சுற்ற ஒன்று, மேலும் கீழும் தூக்க ஒன்று. வண்டி ஆடி, ஆண்டெனாவின் குறி பக்கவாட்டில் 1° விலகினால் அதை ஈடுகட்ட, சுற்றும் மோட்டார் 1° அல்ல, நிமிர்வுக் கோணத்தின் கோசைனால் வகுத்த அளவு திரும்ப வேண்டும். லண்டனில் 1.2°. சென்னையில் 3.7°. கொல்லிமலை மாதிரியான வளைவில், வண்டியின் கூரை செயற்கைக்கோள் இருக்கும் பக்கமாக 11° சாய்ந்துவிட்டால் கூரைக்கும் செயற்கைக்கோளுக்கும் இடையிலான கோணம் 85°யைத் தாண்டும். மோட்டார் பத்து மடங்குக்கும் மேல் ஓட வேண்டும். மலிவான டிஷ்ஷின் மோட்டார் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. ஆகவே மூன்றாவது அச்சு உள்ள மாடலைக் கேளுங்கள். விவரத்தாளில் நிமிர்வு வரம்பு 90°யைத் தாண்டுகிறதா என்றும் பாருங்கள். 75°யோடு நிற்கும் ஆண்டெனா நமக்கு ஆகாது.

கே.யூ. பேண்டில் (டிஷ் டிவி, ஒளிபரப்பு வேன்கள் பயன்படுத்தும் அலைவரிசை) 60 செ.மீ. டிஷ்ஷின் கற்றை அகலம் சுமார் 2.5°. பக்கத்துச் செயற்கைக்கோள் 2° தள்ளி நிற்கக்கூடும், குறி தவறினால் நம் சிக்னல் அதில் போய் விழும். அதனால்தான் அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் விதிகள் குறி தவறுதலை 0.2°க்குள் வைக்கச் சொல்லின, 0.5°யைத் தாண்டினால் 100 மில்லி விநாடிக்குள் சிக்னல் அனுப்புவதை நிறுத்தச் சொல்லின. பல ஆண்டெனாக்கள் இதைத் தாமாகவே செய்யும். வளைவுகளில் மட்டும் இணைப்பு அறுந்தால் மோடத்தை மாற்ற ஓடாதீர்கள். ஆண்டெனாவின் பதிவேட்டில் சிக்னல் அனுப்புவது எத்தனை முறை நின்றது என்று பாருங்கள்.

உயர்ந்த கோணத்தில் ஒரு சலுகையும் உண்டு. வண்டியின் திசை 1° தவறாகத் தெரிந்தால் வானத்தில் பிழை 0.27° மட்டுமே. ஆனால் மட்டப்பிழை, அதாவது அடித்தட்டின் சாய்வில் வரும் பிழை, முழுசாக வந்து விழும். எனவே வழக்கமான சுமையை ஏற்றி, டயர் காற்றைச் சரிபார்த்து, சமதளத்தில் நிறுத்தி, அடித்தட்டின் மேல் ரசமட்டம் வைத்து, அதன் பிறகே பூஜ்ஜிய அளவீடு செய்யுங்கள். கூரைத் தகடு மெலிதாக இருந்தால் வண்டி ஓடும்போது அது நெளியும். கீழே குறுக்குச் சட்டம் கொடுத்தே ஆக வேண்டும். காந்தத் திசைகாட்டியை நம்ப வேண்டாம், இரும்புக் கூரை அதைக் கெடுத்துவிடும். திசை அறிய இரட்டை ஜிபிஎஸ் ஆண்டெனாவே சரி.

பலரும் கவனிக்காத இடம் போலரைசேஷன், அதாவது ரேடியோ அலை அதிரும் தளம். ஜிசாட்-30க்கு எல்.என்.பி.யை (டிஷ்ஷின் முன்னால் சிக்னலைப் பிடிக்கும் பெட்டி) திருப்ப வேண்டிய கோணம் சென்னையில் 12°, கோவையில் 28°, கன்னியாகுமரியில் 34°. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க இது வேகமாக மாறும். 5° பிசகினாலே எதிர்த்தளப் பிரிப்பு (குறுக்குத் தளத்துச் சிக்னலிலிருந்து விலகி நிற்கும் அளவு) 21 டெசிபெல்லுக்கு இறங்கிவிடும். 30 டெசிபெல் வேண்டுமென்றால் பிழை 1.8°க்குள் இருக்க வேண்டும். நின்று ஒளிபரப்பும் வேனில் சென்னையில் திருகி வைத்ததை அப்படியே தெற்கே கொண்டுபோனால், அடுத்த போலரைசேஷனில் இருப்பவரின் சிக்னலுக்குள் நுழைந்துவிடுவீர்கள். செயற்கைக்கோள் தொலைபேசிகளின் எல் பேண்டில் வட்டப் போலரைசேஷன் (அதிரும் தளம் சுழன்றுகொண்டே இருக்கும்) என்பதால் இந்தத் தலைவலி இல்லை.

மின்னணு முறையில் கற்றையைத் திருப்பும் தட்டை ஆண்டெனாக்களுக்கு நம் அட்சரேகை வரப்பிரசாதம். லண்டனில் அவை கற்றையை 59° சாய்த்தாக வேண்டும், இழப்பு 4 டெசிபெல்லுக்கு அருகில். சென்னையில் சாய்வு 16°தான். இழப்பு கால் டெசிபெல்கூட வராது. காசு இருந்தால் இதையே வாங்கலாம். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் தட்டையான மேற்பரப்பில் தண்ணீர் தேங்கும். மெல்லிய நீர்ப்படலமே கே.யூ. பேண்டைப் பதம் பார்க்கும். பின்பக்கம் 3°–5° சரிவு கொடுத்துப் பொருத்துங்கள். அந்தச் சரிவை அளவீட்டிலும் பதிவு செய்யுங்கள்.

மறைப்புக் கணக்கும் மாறுகிறது. 10 மீட்டர் கட்டடம் சென்னையில் 3 மீட்டருக்குள் இருந்தால்தான் மறைக்கும். லண்டனில் 16 மீட்டர் தள்ளியே மறைத்துவிடும். நமக்கு எதிரி புளியமரச் சாலையும் சுங்கச்சாவடிக் கூரையும்தான்.

இரிடியம் செயற்கைக்கோள் தொலைபேசி போன்ற எல் பேண்ட் கருவி என்றால் கேபிளில் கவனம் வையுங்கள். மொத்த இழப்பு 3 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது. ஆர்.ஜி.-58 கேபிள் ஐந்து மீட்டரிலேயே அதைத் தின்றுவிடும், எல்.எம்.ஆர்.-400 என்றால் அதே நீளத்துக்கு ஒரு டெசிபெல்லுக்குள். ஜிபிஎஸ் 1575 மெகாஹெர்ட்ஸ், இரிடியம் 1616லிருந்து 1626 வரை, இரண்டும் நெருக்கம். இரண்டு ஆண்டெனாவையும் ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். இணைப்பியில் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் சுற்றி, கூரைத் துளைக்கு முன் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் நீர் உள்ளே போகாது. இந்தியாவில் இரிடியம், துராயா கருவிகளுக்குத் தொலைத்தொடர்புத் துறையின் முன்அனுமதி வேண்டும். அது கைக்கு வந்த பிறகு கூரையில் துளை போடலாம்.