கச்சான் காற்றும் ஒரு பிரெஞ்சு அடுப்படியும்

இருண்ட அறை. பக்கச் சன்னலால் ஒரு துண்டு வெளிச்சம். புகைபோக்கிக்குள்ளிருந்து தொங்கும் கொக்கியில் இரும்புக் கிடாரம், கீழே மரச் சப்பாத்து, மூலையில் தொட்டில். 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கிராமத்து வீட்டை வரைந்த எண்ணெய் வர்ணப் படம் என்றால் பெரும்பாலும் இவைதான் இருக்கும். பல்லு வெட்டிய அந்தக் கொக்கியின் பெயர் கிரேமயேர். கிடாரத்தை அதில் ஏற்றி இறக்கித்தான் சூட்டைக் கூட்டிக் குறைப்பார்கள். நாம் புதுவீட்டில் பால் காய்ச்சுவதுபோல, அவர்கள் குடிபுகும் விருந்துக்கே 'கிரேமயேர் தொங்கவிடுதல்' என்று பெயர்.

பாரிஸ் பழஞ்சாமான் சந்தையில் வாங்கிய இப்படியொரு படம் மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்தால், முதலில் முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். பழைய லேபிளில் 'தாப்ரே' (d'après) என்ற சொல்லோடு, கிராமத்து வாழ்வை வரைந்த பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் பெயர் இருந்தால் அது மில்லேயைப் பார்த்து வரைந்த பிரதி. கையெழுத்தை நம்பி விலை பேசாதீர்கள். பிறேமைக் கழற்றி அளந்தால் 55க்கு 46, 73க்கு 60 சென்ரிமீற்றர் போன்ற கடை அளவுகள் வரலாம். ஆனால் அவை இன்றும் விற்கிற அளவுகள், வயதுக்குச் சாட்சி ஆகாது.

இங்கே படத்தைக் கெடுப்பது வெயில் மட்டுமில்லை. லினன் துணிக்கும் வர்ணத்துக்கும் நடுவே விலங்குத் தோல் பசை பூசியிருக்கும். மாரியில் அந்தப் பசை ஈரம் குடித்து இளகும், துணி தொய்யும், பூஞ்சணம் பிடிக்கும். வறண்ட கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அதே பசை காய்ந்து சுருங்கி வர்ணத்தை இழுத்து வெடிக்க வைக்கும். வருசா வருசம் இந்த இழுபறிதான். இரவில் ஏசி, பகலில் நிறுத்தம் என்றால் ஒரே நாளிலேயே அது நடக்கும். அதைவிட ஏசி இல்லாத அறை நல்லது. உப்புக் காற்றில் ஓர ஆணிகள் துருப்பிடித்துத் துணியை அரிப்பது வேறு.

பலர் அழுக்கென்று நினைப்பது அழுக்கே இல்லை. அந்த இருட்டு, மெல்லிய வர்ணத்தை அடுக்கடுக்காய்ப் பூசி உண்டாக்கியது. சன்னல் வெளிச்சம் தடித்த ஈய வெள்ளை, ஓரளவு தாங்கும். துடைத்தால் நிழல்தான் முதலில் போகும். துடைக்க உருளைக்கிழங்கு, வெங்காயம், மண்ணெண்ணெய், சவர்க்காரம் எதுவும் வேண்டாம். சில ஓவியர்கள் நிழலுக்குத் தார் கலந்த வர்ணம் பூசியிருப்பார்கள். அது முழுசாய்க் காயாது, முதலைத்தோல் மாதிரி அகன்று வெடிக்கும், நம் வெக்கையில் இளகும். மஞ்சளித்த வார்னிஷை எடுப்பது பயிற்சி பெற்றவர் வேலை. எங்கே பிற்காலத்தில் வர்ணம் தொட்டிருக்கிறது என்று மட்டும் பார்க்க, காசுத்தாள் பார்க்கிற ஊதா ரோச் போதும்: பழைய வார்னிஷ் பச்சையாய் மின்னும், அதன் மேல் பூசிய இடம் கறுப்பாய்த் தெரியும்.

தூசி தட்டுமுன் சாதாரண ரோச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். செதில் எழும்பி நின்றால் தூரிகைகூடத் தொடக்கூடாது. மழை பட்டு ஊறாத உட்சுவரில், பிறேமின் கீழ் மூலைகளுக்குப் பின்னால் தக்கைத் துண்டு ஒட்டி, இரண்டு மூன்று சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு மாட்டுங்கள். சுவாமி விளக்குக்கு எதிரே வேண்டாம், புகை படியும். கீழே மாப்போல மரத்தூள் கொட்டினால் சட்டம் உளுக்கிறது. படத்தை உடனே இறக்கித் தனியே வையுங்கள்.

துணியை இழுத்துப் பிடிக்கும் சட்டத்தின் மூலைகளில் உள்ள மர ஆப்பை மார்கழியில் தட்டி இறுக்காதீர்கள். தொய்ந்த துணி அப்போது அழகாய் நிமிரும், ஆனியில் கச்சான் தொடங்கும்போது வர்ணம் கிழியும்.